ஒவ்வொரு பாடமாக எழுதியவள்

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, மற்ற பிள்ளைகளின் காகிதங்களை அடுக்கியிருந்த கட்டோடு அதை வைக்காமல், மேசையின் ஓரத்தில் தனியாக வைத்து அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை, குரலும் உயரவில்லை. ஆனால் அந்தக் குண்டிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி. மழை தொடங்கியிருந்த சமயம். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த குடைகளிலிருந்து தண்ணீர் வடிந்து, தரை முழுக்கச் சேறும் செருப்புத் தடமுமாக இருந்தது. ஈரத்துணி வாசனையும், மூலையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனையும் கலந்து வந்தன. என் பக்கத்தில் மகள் கார்த்திகா. எங்களுக்குப் பின்னால் என் மனைவியின் தம்பி முருகேசன்.

கார்த்திகா புள்ளியியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பிலோ அதற்கு இணையான தேர்விலோ கணிதமும் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும் என்று கல்லூரிக் கையேட்டில் இருந்தது. அவள் இரண்டையும் தேறியிருந்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அல்ல. திறந்தநிலைப் பள்ளி வழியாக, வீட்டில் இருந்து படித்து எழுதியவள்.

அது இணைதானா, இல்லையா? வெகுநாட்களாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

மின்விசிறிச் சத்தம்

கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் அலுவலகத்தில் நான் பார்த்த வேலையைப் பற்றி இந்தப் பக்கங்களில் நிறைய எழுதிவிட்டேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, அட்டைக்கடி, மலையிறங்கும் பஸ் எல்லாம் வந்தாயிற்று. வீட்டைப் பற்றி மட்டும் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். எழுதட்டுமா என்று கார்த்திகாவிடமே கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா அழுகாச்சியா எழுதப்பிடாது" என்றாள். முயன்று பார்க்கிறேன்.

நாகர்கோவிலில் 'ரிசல்ட்' காட்டுகிற பள்ளிக்கூடம் ஒன்றில் அவளைச் சேர்த்திருந்தோம். விடியுமுன் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் தேர்வு. பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் கணக்குப் பரீட்சை. பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் போனபோது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை விரல்களும் உள்பக்கமாக மடங்கி விறைத்திருந்தன. நான் பிரித்துவிடப் பார்த்தேன், வரவில்லை. "மூச்சு வரல்லப்பா" என்றாள்.

காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார்கள். மறுநாள் யூனிஃபார்ம் போட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாள் யூனிஃபார்ம் போடவில்லை. பிறகு அறையை விட்டு வெளியே வருவதே நின்றுபோனது.

இது பயம் சம்பந்தமான நோய், மருந்து உண்டு, ஆனால் நேரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் தலையாட்டினோம். நேரத்தை எப்படிக் கொடுப்பது என்று எனக்கும் மனைவி சுசீலாவுக்கும் தெரியவில்லை. சாப்பாட்டைக் கதவோரம் வைப்போம். தட்டு காலியானால் அது நல்ல நாள்.

வேலை முடிந்து வரும்போது வீட்டுக் கேட்டில் நின்று முதலில் காதைத்தான் தீட்டுவேன். அவள் அறை மின்விசிறியின் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் செருப்பைக் கழற்றுவேன். மின்சாரம் போயிருந்த ஒரு சாயங்காலம் செருப்போடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கரண்ட் போய் நேரமாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அவள் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். துருப்பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அது வாங்கி அதிக நாள் ஆகாத தாழ்ப்பாள். அவளுக்கும் அது தெரியும்.

கோடாலித் தைலம்

பிள்ளை எங்கே என்று ஊர் கேட்கத்தானே செய்யும்?

பதில் கண்டுபிடித்தவன் முருகேசன். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் நெடுஞ்சாலையோரம் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கல்ஃபுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். நெற்றியில் நாமம் இட்டு, சாமியை நினைத்து "அய்யா பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிக் கடையைத் திறப்பான். அதற்குப் பிறகு வாயை மூடமாட்டான்.

கருங்கல் ஊரில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் யாரோ சுசீலாவிடம் மகளைப் பற்றிக் கேட்க, அவள் திணறியிருக்கிறாள். முருகேசன் இலைக்குப் பருப்பு வாங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "அவ ஷார்ஜாவுல எனக்க பெரியக்கா வீட்டுல நிக்கா. அங்கயே படிக்கா."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் அங்கே இருக்கிறது. ஒருவர் கண்ணில் படவில்லை என்றால் கல்ஃபில் இருப்பார், அவ்வளவுதான். வீட்டுச் சண்டையோ நோயோ ஓடிப்போன கதையோ, 'கல்ஃப்' என்று சொன்ன இடத்தில் கேள்வி நின்றுவிடும். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம் கார்த்திகா தானாகவே எழுந்து வெளியே வந்தாள். முற்றத்தில் நின்று வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். எதிர்வீட்டுப் பொன்னம்மக்கா பார்த்துவிட்டாள்.

"எப்ப மக்கா வந்தே? ஏசியிலயே கெடந்து நல்லா வெளுத்துப் போனியே."

கார்த்திகா என்னைப் பார்த்தாள். "நேத்தைக்கு வந்தேன்க்கா" என்றாள்.

உள்ளே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது. சுசீலா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள், தானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

மறுநாள் பொன்னம்மக்கா கல்ஃபிலிருந்து கோடாலித் தைலம் கொண்டுவரவில்லையா என்று கேட்டுவிட்டாள். முருகேசன் களியக்காவிளையில் ஒரு பாட்டில் வாங்கி வந்து கொடுத்தான். முட்டுவலிக்கு அதுதான் கேட்கிறது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

ஒரு தடவைக்கு ஒன்று

திறந்தநிலைப் பள்ளியைக் கண்டுபிடித்தது கார்த்திகாதான், போனில் தேடி. எல்லாப் பாடத்தையும் சேர்ந்தாற்போல் எழுத வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு ஒன்று எழுதலாம். தேறியது தேறியதாகவே இருக்கும், மிச்சத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

"எழுதினது அப்பிடியே நிக்கும்ப்பா. தோத்தாலும் பழசு அழியாது" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். பார்த்தவுடனே பயந்தேன்.

முதலில் ஆங்கிலம். தேர்வு மையத்துக்கு வெளியே ஒரு புங்கமரம் இருந்தது. முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடு, நான் இந்த மரத்தடியிலேயேதான் இருப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். வாசலுக்குப் பக்கத்தில் இடம் தரவேண்டும் என்று அவளே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன். எல்லாரும் போனபிறகு, காலித் தண்ணீர்ப் பாட்டிலோடு அவள் வந்தாள். கைவிரல்களைப் பார்த்தேன். நீட்டித்தான் வைத்திருந்தாள்.

பிறகு தமிழ். பிறகு மற்றவை. கணக்கைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனாள். ஒருமுறை மையத்தின் கேட் வரை போய், அங்கிருந்து பஸ் ஏறித் திரும்பி வந்தோம். அடுத்த முறை எழுதினாள். நல்ல மதிப்பெண்.

ஆகவே அவள் பட்டியலில் ஆங்கிலத்துக்கு எதிரே ஒரு மாதம், கணக்குக்கு எதிரே வெகுதூரம் தள்ளி வேறொரு மாதம். அந்த இடைவெளியில் அவள் எப்படி எழுந்து நின்றாள் என்று எங்களுக்குத் தெரியும். கவுண்டரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

யாரும் சொல்லாத பதில்

அலுவலகத்தில் தங்கராஜ் என்று ஒரு நண்பர். சொந்தக்காரப் பையன் ஒருவனை எங்கோ இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்றார். கணக்கும் இங்கிலீஷும் ஒரே தடவையில் தேறியிருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னார். "அண்ணாச்சி, நான் பேடி காட்டதுக்குச் சொல்லல்ல. முன்கூட்டியே தெரிஞ்சிருக்கட்டும்" என்றார். பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். அன்றைக்கு நான் போட்ட பால் கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு.

கல்லூரிகளுக்குப் போன் போட்டேன். எடுத்தவர்கள் எல்லாரும் தன்மையாகத்தான் பேசினார்கள். சான்றிதழைக் கொண்டு வாருங்கள், சரிபார்க்கும்போது பார்க்கலாம் என்றார்கள். தேர்வு நடத்திய இடத்தில் கேட்டால், எங்கள் தேர்வு எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் சேர்ப்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம் என்றார்கள். இணையத்தில் ஒரு பக்கம் செல்லும் என்றது, அடுத்த பக்கம் விசாரித்துக்கொள்ளவும் என்றது. 'ஆமாம், செல்லும்' என்று வாயைத் திறந்து சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்தது கார்த்திகா. "அங்கயாவது ஷார்ஜா எப்பிடின்னு யாரும் கேக்கமாட்டாவ" என்றாள். எங்களுக்கும் அது வேற்றூராகத் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் பட்டுக்கும் அங்கேதான் போவோம். அது வேறு மாநிலம் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

இடம் கிடைக்காமல் போவதல்ல என் பயம். கிடைக்காவிட்டால் இவள் மறுபடியும் அறைக்குள் போய்விட்டால்? ஒருநாள் சுசீலாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "வாய வச்சிட்டு இரிங்க. எனக்கு வெப்ராளமா வருகு" என்றாள். மனசு பதறுகிறதாம். பிறகு துருவுவதை நிறுத்திவிட்டாள். அன்றைக்குச் சோற்றுக்கு ரசம் மட்டும்தான்.

ஷார்ஜாவில் எந்தப் பள்ளி?

கவுண்டருக்கு வருகிறேன்.

தனியாக எடுத்துவைத்த பட்டியலைப் பேனாவால் தொட்டுக் காட்டி, நிதானமான மலையாளத்தில் அவர் கேட்டார். பத்தாம் வகுப்புக்கும் இதற்கும் நடுவில் இவ்வளவு காலம் இருக்கிறதே, குட்டி எங்கே இருந்தாள்? ஆங்கிலமும் கணக்கும் ஏன் வேறு வேறு சமயத்தில்?

நான் பல நாளாகப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டாக்டர் சீட்டுகூடப் பையில் இருந்தது. வாயைத் திறக்குமுன் என் தோளுக்கு மேலாக முருகேசன் தலையை நீட்டினான்.

"குட்டி கல்ஃபிலாயிருந்நு சாரே. ஷார்ஜா."

ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது பொய்யாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் தலையசைத்தார். நான் ஒரு கணம் ஆறுதல்கூடப் பட்டேன். அவர் இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஷார்ஜாவில் எந்தப் பள்ளி? அங்கிருந்து மாற்றுச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு இங்குள்ளதற்கு இணை என்று சான்று வேண்டும். போய்வந்த முத்திரையோடு பாஸ்போர்ட் நகல் வேண்டும். இந்தச் சுற்றுச் சேர்க்கை இன்றோடு முடிகிறது, இவை இல்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது.

கார்த்திகாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

ஊரில் கேள்வியை நிறுத்துகிற சொல் இங்கே கேள்விகளைத் திறந்துவிட்டது. "அது வந்து சாரே…" என்றான் முருகேசன். அவன் பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

பொய் என்று ஒத்துக்கொண்டால் கையில் இருக்கிற உண்மையான சான்றிதழ்களையும் சந்தேகப்படுவார்களே. ஒத்துக்கொள்ளாவிட்டால் இல்லாத பள்ளியின் சான்றிதழுக்கு எங்கே போவது? கார்த்திகாவின் கையைப் பார்த்தேன். விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கிக்கொண்டிருந்தன.

போய்விடலாம் மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். மனசுக்குள் நான் அப்போதே கிளம்பிவிட்டேன். பஸ், ஜன்னல், வீடு, அந்த அறை, எல்லாம் கண்முன் வந்துவிட்டன.

அவள் மடங்கிய கையைக் கவுண்டர் பலகையின்மேல் வைத்து, மற்ற கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் கல்ஃபுக்குப் போகல்ல. வீட்டுலதான் இருந்தேன்." தமிழில்தான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக. "எக்ஸாம் ஹாலுல இருக்க எனக்குப் பேடி. அதனால ஒவ்வொரு பாடமா எழுதினேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். முருகேசனைப் பார்த்தார். பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பாதிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் ஓர் ஆசிரியை அதை வாங்கிப் பார்ப்பதும், தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டுவதும், யாருக்கோ போன் செய்வதும் தெரிந்தன. எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நல்லதுக்குத்தானே அத்தான் சொன்னேன்" என்று என் காதருகே முனகினான் முருகேசன்.

"மாமா, கொஞ்சம் சும்மா நில்லுங்க" என்றாள் கார்த்திகா. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஆசிரியை தானே வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வந்தது. வெளிநாட்டில் எந்தப் படிப்பிலும் சேரவில்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் அந்தக் காகிதங்கள் எதுவும் தேவையில்லை என்றார். அந்தத் தேர்வு எங்கள் பட்டியலில் இருக்கிறது, அதில் தேறிய கணக்கும் ஆங்கிலமும் எங்களுக்கும் கணக்கும் ஆங்கிலமும்தான். தேறியிருக்கிறாளா என்றுதான் விதி கேட்கிறது, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தேறினாளா என்று கேட்கவில்லை.

"வீட்டில் இருந்ததுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் வேண்டாம்" என்றார்.

பிறகு கார்த்திகாவிடம், இங்கேயும் ஒவ்வொரு பருவமும் ஹாலில் உட்கார்ந்து எல்லாப் பாடமும் எழுத வேண்டியிருக்குமே, முடியுமா என்று கேட்டார்.

"தெரியாது மேடம். வாசல் பக்கம் இருந்தா எழுதுவேன்."

"கேக்கணும். கேட்டால் தரலாம்."

கவுண்டர்க்காரர் பட்டியலை மற்றக் காகிதங்களின் கட்டோடு சேர்த்தார். அடுத்த பிள்ளையின் காகிதம் அதன்மேல் வந்து விழும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வெளியே சாயா வாங்கினோம். என் கிளாஸில் பாதி கையில் சிந்தியது. முருகேசன் கைக்குட்டையை நீட்டினான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம் காட்டியது கவுண்டர்க்காரர் அல்ல. அவர் கேட்டது நியாயம்தான். அவளை வெளியே அழைத்துக்கொண்டு வந்துவிட நான் எவ்வளவு சீக்கிரம் தயாராகிவிட்டேன் என்பதுதான்.

தம்பானூர் பஸ் நிலையம்

வகுப்பு தொடங்கிய நாள் அவளை விடுதியில் விட்டேன். அங்கிருந்து கல்லூரிக் கேட் வரை கூடவே போனேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. ஒரு கூட்டத்தோடு கலந்து போய்விட்டாள்.

தம்பானூருக்கு வந்தேன். நாகர்கோவில் பஸ் புறப்பட நின்றது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போனது. கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்து நாகர்கோவிலா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

வகுப்பில் மூச்சு வரவில்லை என்று அவள் கூப்பிட்டால் இங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஊரிலிருந்து எப்படி வருவது? சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தது, விட்டது, திரும்பவும் பெய்தது.

மத்தியானம் போன் அடித்தது. அவள் பெயர். எழுந்து நின்று எடுத்தேன்.

"அப்பா, எங்க இருக்கிய?"

"பஸ்ஸுல மக்கா. களியக்காவிளை தாண்டியாச்சு."

தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் கொட்டாரக்கரை பஸ்ஸுக்கு அறிவிப்பு வந்தது. முடியும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மைக்குல சொல்லுகது எனக்குக் கேக்குதுப்பா."

பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"ரெண்டு கிளாஸ் முடிஞ்சுது. இப்பம் சாப்பிடப் போறேன், கூட ஒருத்தி இருக்கா. நீங்க ஏறுங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். எல்லைக்கு முன்னால் வரும் பாறசாலை தாண்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை.